நாலரை சதவீதம்

சிட்னியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள தமிழ் வீடுகளில் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு எந்தப் பாடங்களை எடுப்பது? கணக்கில் எத்தனை யூனிட், இயற்பியலா, வேதியியலா, இரண்டுமா என்று தொடங்கி, சீக்கிரமே ‘ஸ்கேலிங்’ என்ற சொல்லில் வந்து நிற்கும். பல்கலைக்கழகத் தரவரிசைக்காக எந்தப் பாடத்தின் மதிப்பெண் ஏற்றப்படும், எது இறக்கப்படும் என்பதை நம்மவர்கள் பங்குச் சந்தை நிலவரம்போல மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். லத்தீன் நன்றாக ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, மகனை அதில் சேர்க்க முடியுமா என்று விசாரித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. தமிழ் ஏறுமா என்று அதற்கு முன்பே விசாரித்துவிட்டார்.

இந்தக் கணக்கில் பொருளியலுக்கு நல்ல இடம். “சயின்ஸ் பிடிக்கலேன்னா எகனாமிக்ஸ் எடுக்கட்டும், ஸ்கேலிங் பரவாயில்ல” என்பது விருந்துகளில் அடிக்கடி காதில் விழும் ஆலோசனை. நான் பிளஸ் டூ படித்த தொண்ணூறுகளின் தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ். முதல் குரூப்புக்கு மதிப்பெண் போதாதவர்கள் போய்ச் சேரும் இடத்தில் வணிகவியல், கணக்குப்பதிவியல், வரலாறு ஆகியவற்றோடு பொருளியலும் இருந்தது. நான் முதல் குரூப். பொருளியல் படித்த என் பக்கத்து வீட்டுப் பையனை அவன் வீட்டிலேயே யாரும் அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை. இங்கேயும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கான காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

இந்தப் பாடத்தைப் பற்றி ஆஸ்திரேலியாவில் உண்மையாகவே கவலைப்படுகிற ஓர் அமைப்பு ரிசர்வ் வங்கி. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பில் பொருளியல் எடுப்பவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்துவிட்டது என்று வங்கியின் ஆய்வுகள் சொல்கின்றன. அக்காலத்தில் ஆண்களும் பெண்களும் சரிபாதியாகப் படித்தார்கள். இப்போது ஒரு மாணவிக்கு இரண்டு மாணவர்கள். நியூ சவுத் வேல்ஸில் 1991இல் பிசினஸ் ஸ்டடீஸ் என்ற பாடம் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது முக்கியமான காரணம். வங்கி ஊழியர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறார்கள், மாணவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்துகிறார்கள், ஆசிரியர்களுக்குக் குறிப்புகள் தயாரித்துத் தருகிறார்கள். வட்டி விகிதத்தை ஏன் ஏற்றுகிறோம், ஏன் இறக்குகிறோம் என்பதை விளங்கிக்கொள்ளும் மக்கள் தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நியாயம்தான். பிள்ளைகள் பொருளியல் படிக்க வேண்டும் என்பதில் நான் வங்கியின் கட்சி. படித்துவிட்டு வங்கியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.

என் மகள் 2023இல் எச்.எஸ்.சி. எழுதினாள். அவள் எடுத்த பாடங்களில் பொருளியலும் ஒன்று. பதினொன்றாம் வகுப்பில் பற்றாக்குறை, வாய்ப்புச் செலவு, தேவையும் அளிப்பும், தொழிலாளர் சந்தை, நிதிச் சந்தை, அரசின் பங்கு. பன்னிரண்டில் நான்கு பெரும் பகுதிகள்: உலகப் பொருளாதாரம், அதில் ஆஸ்திரேலியாவின் இடம், பொருளாதாரப் பிரச்சினைகள், பொருளாதாரக் கொள்கைகள். தேர்வு மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 40 இரண்டு கட்டுரைகளுக்கு. கட்டுரையில் புள்ளிவிவரம் தூவ வேண்டும். ரசத்தில் கொத்தமல்லிபோல அது மேலே மிதக்க வேண்டும் என்பது பிள்ளைகளிடையே பரவியிருக்கும் நம்பிக்கை. கடைசி மாதத்தில் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவு முழுவதும் பணவீக்கம், நடப்புக் கணக்கு, ஜினி குறியெண் என்று மஞ்சள் தாள்கள் ஒட்டியிருந்தன.

பொருளியல் படித்தால் பிள்ளை சுயநலக்காரியாகிவிடுவாளோ என்று என் அம்மா சென்னையிலிருந்து கேட்டார். பொருளியலாளர்கள் தாங்களே சோதித்துப் பார்த்த கேள்வி அது. 1981இல் மார்வெல், ஏம்ஸ் என்ற இருவர் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். கையில் கொடுத்த பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம், அல்லது எல்லாருக்கும் பெருகித் திரும்பும் ஒரு பொதுப் பானையில் போடலாம். மற்றவர்கள் சராசரியாக 49 சதவீதத்தைப் பொதுவில் போட்டார்கள். பொருளியல் முதுநிலை மாணவர்கள் போட்டது 20 சதவீதம். 1993இல் ராபர்ட் ஃபிராங்க்கும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஆனால் 1996இல் வேறு மூவர் விளையாட்டை விட்டுவிட்டு, முகவரி எழுதி உள்ளே 10 டாலர் வைத்த உறைகளை வகுப்பறைகளில் தவறவிட்டதுபோலப் போட்டுவைத்தார்கள். பொருளியல் வகுப்புகளில் 56 சதவீத உறைகள் திரும்பி வந்தன. மற்ற வகுப்புகளில் 31தான். விளையாட்டில் கஞ்சத்தனம் காட்டியவர்கள் நிஜத்தில் உறையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். “பயப்படாதேம்மா, பர்ஸைத் தொலைச்சா எகனாமிக்ஸ் கிளாஸ்ல தொலை” என்று அம்மாவிடம் சொல்லி முடித்துக்கொண்டேன்.

சுயநலம் பற்றிய கவலை இடம் தவறியது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இந்தப் பாடம் பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வினாத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் பணக்கொள்கை எவ்வளவு பயனளிக்கிறது, மதிப்பிடுக. வேலையின்மையைக் குறைக்க அரசு என்ன செய்யலாம், ஆராய்க. மாணவர் எப்போதும் நிதியமைச்சரின் நாற்காலியிலோ ரிசர்வ் வங்கி ஆளுநரின் நாற்காலியிலோதான் அமர்கிறார். இத்தனைக்கும் அந்த வகுப்பில் பலர் சனி ஞாயிறுகளில் கடைகளில் வேலை பார்ப்பவர்கள். சில்லறைக் கடைகளில் 17 வயதினருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் வயது வந்தவருடையதில் 60 சதவீதம். தொழிலாளர் சந்தை என்ற அத்தியாயத்தில் அவர்களே பாத்திரங்கள். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் நின்று அந்த அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்லும் கேள்வி வருவது அபூர்வம்.

நாற்காலி மாறினால் கண்ணில் படுவதும் மாறும். என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். நாங்கள் ஆட்களை எஃப்.டி.இ. கணக்கில் எண்ணுவோம். முழுநேர ஊழியர் 1.0, வாரம் மூன்று நாள் வருபவர் 0.6. புதிய மென்பொருள் அமைப்பு வந்தால் எத்தனை எஃப்.டி.இ. மிச்சமாகும் என்று கேட்காத வாடிக்கையாளரை நான் சந்தித்ததில்லை. எண்ணுவதைக் குறை சொல்லவில்லை; எண்ணாமல் மாதச் சம்பளம்கூடப் போட முடியாது. ஆனால் 0.6 மிச்சம் என்று ஒரு கட்டத்தில் எழுதும்போது, அந்த 0.6 செவ்வாய்க்கிழமை காலை எழுந்து எங்கே போவார் என்பதற்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

2023 ஜூன் 20ஆம் தேதி, அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த மிஷேல் புல்லக் நியூகாசிலில் ஓர் உரை நிகழ்த்தினார். முழு வேலைவாய்ப்பை எட்டுவது என்பதே அதன் தலைப்பு. 2022 டிசம்பர் காலாண்டில் ஆண்டுப் பணவீக்கம் 7.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது. வங்கியின் இலக்கு 2இலிருந்து 3. வட்டி விகிதம் 2022 மே மாதத்துக்கு முன் 0.10 ஆக இருந்தது, ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் 4.10 ஆகியிருந்தது. வேலையின்மை 3.6 சதவீதம், ஐம்பது ஆண்டுகளில் காணாத தாழ்வை ஒட்டி. 2024 இறுதிக்குள் வேலையின்மை நாலரை சதவீதமாக உயரும் என எதிர்பார்ப்பதாகவும், பணவீக்கத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு அது ஏறக்குறைய அருகில் இருக்கும் என்றும் புல்லக் சொன்னார்.

அந்த அளவுக்கு மகளின் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு: நைரூ. பணவீக்கத்தை முடுக்கிவிடாத வேலையின்மை விகிதம் என்று விரித்துச் சொல்லலாம். வேலை தேடுவோர் மிகக் குறைந்துவிட்டால் முதலாளிகள் ஆள் பிடிக்கப் போட்டிபோட்டுச் சம்பளத்தை ஏற்றுவார்கள், ஏறிய சம்பளம் விலைக்குப் போகும், விலை மறுபடி சம்பளத்துக்கு வரும். ஆகவே ஒரு குறிப்பிட்ட அளவு ஆட்கள் வேலையில்லாமல் இருந்தால்தான் விலைவாசி அமைதியாக இருக்கும். இந்த அளவை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் உற்சாகமாக இருந்தாள். பாடத்தில் வந்தது செய்தியில் வந்தால் மாணவர்களுக்கு வரும் உற்சாகம் அது.

“அப்பா, நைரூ நாலரை. இப்ப மூணு புள்ளி ஆறு. அப்ப பாயிண்ட் ஒம்பது ஏறணும்.”

“பாயிண்ட் ஒம்பதுன்னா எத்தனை பேரும்மா?”

கைப்பேசியில் தட்டினாள். வேலை செய்வோர், தேடுவோர் சேர்த்து அப்போது நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடியே 45 லட்சம் பேர். “ஒரு லட்சத்து முப்பதாயிரம்.” ஒரு நொடி அந்த எண்ணைப் பார்த்தாள். “எல்லாரையும் வேலையைவிட்டுத் தூக்குவாங்கன்னு அர்த்தம் இல்லப்பா. புதுசா வர்றவங்களுக்கு வேலை மெதுவாக் கிடைக்கும், அவ்வளவுதான்.” சரியான விளக்கம், முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

“யார் அந்த ஒரு லட்சத்து முப்பதாயிரம்?”

“அது கொஸ்டின்ல வராதுப்பா.” பிறகு அவளே திருத்திக்கொண்டாள். “இல்ல, வரும். ‘அதிகம் பாதிக்கப்படும் பிரிவினர்’னு ஒரு லிஸ்ட் இருக்கு.” இளைஞர்கள், நீண்டகாலம் வேலையில்லாதோர், பூர்வகுடிகள், ஆங்கிலம் பேசாத நாடுகளிலிருந்து வந்தோர் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சமூகச் செலவுகளுக்கும் ஒரு பட்டியல் இருந்தது: திறன் இழப்பு, குடும்ப உடைவு, உடல்நலக் கேடு, குற்றம். குடும்ப உடைவு இரண்டாவது புள்ளியாக வந்தது.

சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவள், தோழியின் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். நாற்பத்தெட்டு வயது, ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தவர். அந்த மே மாதம் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். “அப்ப அங்கிள் நமக்காகவா வேலைய இழந்தார்?”

கேலியும் கேள்வியும் பாதிக்குப் பாதியாகக் கேட்டாள். ஒரு நிறுவனம் ஒரு பிரிவை மூடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். தனியொருவரின் வேலையிழப்பை வட்டி விகிதத்தோடு முடிச்சுப் போட முடியாது என்று நான் சொன்னேன். அது உண்மை. ஆனால் அவள் கேட்டது தனியொருவரைப் பற்றி அல்ல என்பது எனக்கும் தெரிந்தே இருந்தது. ஆள் யாராயிருந்தாலும், அத்தனை பேர் வேலையில்லாமல் இருப்பதால் மற்ற 95 பேருக்கு அரிசியும் பெட்ரோலும் வாடகையும் கட்டுக்குள் இருக்கிறது என்று பாடப்புத்தகமே சொல்கிறது என்றால், அவர்கள் நமக்கு ஏதோ ஒன்றைச் செய்துகொடுக்கிறார்கள். விருப்பமில்லாமல், யாரும் கேட்காமல். அப்படியானால் நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோமா?

பாடப்புத்தகம் இந்தக் கடைசிப் படியை ஏறுவதில்லை. ஏறாமல் இருக்க ஒரு சொல் உதவுகிறது. மில்டன் ஃபிரீட்மன் 1967 இறுதியில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இந்த விகிதத்தை ‘இயற்கையான’ வேலையின்மை விகிதம் என்றார். மாறாதது என்ற பொருளில் சொல்லவில்லை, அதை நிர்ணயிக்கும் பலவும் மனிதர்கள் உண்டாக்கியவையே என்று அவரே அங்கே தெளிவுபடுத்தினார். விளக்கம் உரைக்குள் தங்கிவிட்டது. சொல் மட்டும் வகுப்பறைக்கு வந்தது. இயற்கை என்றால் மழை, வெயில், சுனாமி. யாரும் பொறுப்பில்லை.

1945இல் இதே நாடு வேறு மாதிரி பேசியது. பெருமந்தத்தின் உச்சத்தில் சங்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் வேலையிழந்ததைப் பார்த்த தலைமுறை, ஆஸ்திரேலியாவில் முழு வேலைவாய்ப்பு என்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அதை உருவாக்கியதில் பெரும் பங்கு எச்.சி. கூம்ஸ் என்ற பொருளியலாளருக்கு உண்டு. பின்னாளில் ரிசர்வ் வங்கியின் முதல் ஆளுநரானவர் அவர்தான். வேலை கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்று அந்த அறிக்கை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் கால் நூற்றாண்டு வேலையின்மை பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 1961இல் கடன் நெருக்கடியால் அது சற்று ஏறியதற்கே மென்சீஸ் அரசு தேர்தலில் நூலிழையில் தப்பியது. எழுபதுகளின் பணவீக்கம் அந்த ஏற்பாட்டை உடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பொற்காலத்துக்குத் திரும்புவோம் என்று நான் வாதாடவில்லை. எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கலாம் என்பது இயற்கை முடிவு செய்த எண்ணாக எப்போதும் பார்க்கப்படவில்லை என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

நம் மொழியில் வேலையில்லாதவனுக்கு ஒரு சொல் இருக்கிறது: தண்டச்சோறு. எண்பதுகளில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்த என் மாமாக்கள் காலையில் காப்பியோடு அதையும் வாங்கிக் குடித்தார்கள். 1980இல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ அந்தத் தலைமுறையின் படம். ஆஸ்திரேலியர்களிடம் டோல் பிளட்ஜர் என்ற சொல் உண்டு, ஏறக்குறைய அதே கசப்பு. இந்த இரண்டு சொற்களையும் நைரூவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விசித்திரம் புரியும். ஒரு அறையில், இத்தனை பேர் வேலையில்லாமல் இருப்பது நாட்டுக்கு அவசியம் என்கிறோம். அடுத்த அறையில், வேலையில்லாதவன் சோம்பேறி என்கிறோம். போருக்கு அனுப்பிய சிப்பாயை ஊர் சுற்றுகிறான் என்று யாரும் ஏசுவதில்லை.

சென்டர்லிங்க்கில் உதவித்தொகை பெறுபவர்மீது சுமத்தப்படும் நிபந்தனைகளுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘பரஸ்பரக் கடமை’. 2022 ஜூலையிலிருந்து அது புள்ளி முறை: மாதம் பொதுவாக 100 புள்ளி சேர்க்க வேண்டும், ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால் 5 புள்ளி. சேர்க்காவிட்டால் பணம் நிற்கலாம். பரஸ்பரம் என்றால் இரு பக்கமும் கடமை இருக்க வேண்டும். மறுபக்கத்தின் கடமை 2023 செப்டம்பர் 20 முதல், பிள்ளைகள் இல்லாத தனி ஆளுக்கு, இரண்டு வாரத்துக்கு 749 டாலர் 20 சென்ட்டாக இருந்தது. நாளுக்கு 53 டாலர் சொச்சம். சிட்னியில் ஓர் அறை வாடகைக்குப் பிறகு அதில் என்ன மிஞ்சும் என்பது இங்கே வந்த புதிதில் அறை பகிர்ந்து வாழ்ந்த யாருக்கும் தெரியும். 2020இல் கோவிட் காலத்தில் இதே அரசு இரண்டு வாரத்துக்கு 550 டாலர் கூடுதலாகக் கொடுத்தது, ஏறக்குறைய இரட்டிப்பு. நடுத்தர வர்க்கமும் அந்த வரிசையில் வந்து நின்றபோது நடந்தது அது. பிறகு படிப்படியாக எடுத்துவிட்டார்கள்.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு மடிப்பும் உண்டு. நிரந்தர வதிவிட உரிமையோடு வருபவர் பொதுவாக நான்கு ஆண்டுகள் காத்திருந்த பிறகே இந்தத் தொகையைக் கேட்க முடியும். அகதி அந்தஸ்து கோரி இணைப்பு விசாவில் ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்கு அது இல்லவே இல்லை. அப்படி இருக்கும் ஈழத்தமிழர்கள் நம் கோயில்களிலும் கடைகளிலும் நம் பக்கத்தில் நிற்கிறார்கள். ‘லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட முதல் ஆறு மாதங்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது நாம் அந்தச் சதவீதத்தின் தசமத்தில் இருந்தோம். விலைவாசியை அடக்கும் வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தோம். 2023இல் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கத்து வீடுகளில் வட்டி ஏறியதைப் பற்றிப் பேசாத பிறந்தநாள் விருந்து கிடையாது. வீட்டுக் கடன் மாதத் தவணை கழுத்தை நெரித்தது நிஜம், என் வீட்டிலும்தான். ஆனால் பணவீக்கத்துக்கான விலையைக் கொடுப்பவர்கள் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் மட்டும் என்பதுபோலவே பேசினோம்.

திருக்குறளில் வறுமையும் பிச்சையும் எங்கே வருகின்றன என்று மகளுக்கு ஒருநாள் காட்டினேன். அறத்துப்பாலில் இருக்கும் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். பொருட்பாலில் இருக்கின்றன. அரசன், அமைச்சு, பொருள் சேர்க்கும் வகை எல்லாம் சொன்ன பிறகு, அதே பாலில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள். இரவு அதிகாரத்தில் பேச்சு இரப்பவன் நிற்கும் இடத்திலிருந்து எழுகிறது: யாரிடம் கேட்கலாம், கேட்கும்போது எதிரில் இருப்பவர் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று. அரசனின் நாற்காலியில் உட்கார வைத்த அதே நூல், எழுந்து வாசலில் வந்தும் நிற்கச் சொல்கிறது. இதைப் பொருளியல் பாடத்திட்டம் என்று சொல்வது மிகை. ஆனாலும் வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுபக்க வாதங்களை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணவீக்கம் ஏழைகளைத்தான் முதலில் அடிக்கிறது. அதை இப்போது கட்டுப்படுத்தாவிட்டால் பின்னால் இன்னும் பெரிய வேலையின்மையோடு கட்டுப்படுத்த நேரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 11 சதவீதத்தைத் தொட்ட நாடு இது, அந்த வடு இங்கே பலரிடம் இருக்கிறது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அது வேலையின்மை ஏன் தேவைப்படலாம் என்பதற்கான வாதம். தேவைப்பட்டால் அதைச் சுமப்பவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதற்கு அது பதிலாகாது.

இன்னொன்று: வேலையில்லாதோர் ஒரே ஆட்கள் அல்ல, ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பவர்கள், வருவார்கள் போவார்கள். பகுதி உண்மை. நின்றுவிடுபவர்கள் யார் என்பதற்கு அவள் ஒப்பித்த பட்டியலே சாட்சி.

மூன்றாவதுதான் கடினமானது. வேலையில்லாதவருக்குத் தாராளமாகக் கொடுத்தால் அவர் அவசரமில்லாமல் தேடுவார், முதலாளி இன்னும் சம்பளம் ஏற்ற வேண்டியிருக்கும், ஆகவே நைரூவே ஏறிவிடும், கடைசியில் இன்னும் அதிகம் பேர் வேலையில்லாமல் இருக்க வேண்டிவரும். மகளே இந்த வாதத்தை எனக்கு எடுத்துச் சொன்னாள், நன்றாகவும் சொன்னாள். இரட்டிப்புத் தொகை கொடுத்த 2020ஐ வைத்து இதைச் சோதிக்க முடியாது. கடைகளே மூடிக் கிடந்த ஆண்டு அது. ஒரு கட்டத்துக்குமேல் இந்த வாதம் செல்லும் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் நாளுக்கு 53 டாலர் அந்தக் கட்டத்துக்கு அருகிலாவது இருந்ததா? நல்ல சட்டை வாங்கவும் நேர்காணலுக்கு ரயில் ஏறவும் பணமில்லாதவர் வேகமாக வேலை தேடுவார் என்பதை நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது. தவிர, ஒருவரின் தேவையைக் கூர்மையாக்கி அதனால் எல்லாருடைய விலைவாசியையும் அடக்குவது ஒரு கருவி என்றால், அது ஒன்றுதான் கருவி என்று யாரும் நிரூபித்ததில்லை. வரி இருக்கிறது, அரசுச் செலவு இருக்கிறது. அவையும் அவள் பாடத்தின் நான்காம் பகுதியில் உள்ளவைதான். அவை வலிக்கும் இடம் வேறு, வலிப்பவர்களுக்கு வாக்கும் குரலும் அதிகம்.

2023 செப்டம்பரில் மத்திய அரசு புதிய வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வேலை வேண்டுமென்பவர் எவரும் அதிக காலம் தேடாமல் அதைப் பெற முடிவதே முழு வேலைவாய்ப்பு என்று அதில் வரையறுத்திருக்கிறார்கள். மகள் அந்த வரையறையைக் குளிர்பதனப் பெட்டியில் நைரூ தாளுக்கு மேலே ஒட்டினாள். இரண்டும் தேர்வு முடியும்வரை அங்கே இருந்தன. ஒரு வரையறை ஆளைக் குறிக்கிறது, மற்றது விகிதத்தைக் குறிக்கிறது என்று அவள் தன் பயிற்சிக் கட்டுரை ஒன்றில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். ஆசிரியர் ஓரத்தில் ஒரு சரிக்குறி போட்டு, ‘புள்ளிவிவரம் எங்கே?’ என்று கேட்டிருந்தார்.

நாலரை சதவீதம் சொன்ன தேதிக்குள் வரவில்லை. 2024 டிசம்பரில் வேலையின்மை 4.0, அந்தக் காலாண்டின் ஆண்டுப் பணவீக்கம் 2.4, வங்கியின் இலக்குக்குள். மனப்பாடம் செய்த எண் மதிப்பீடுதான் என்பது இப்படித் தெரியவந்தது. தோழியின் அப்பாவுக்கு எட்டு மாதங்கள் கழித்து வேலை கிடைத்தது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில், ஒன்றேகால் மணி நேர ரயில் தூரத்தில். அந்த எட்டு மாதங்களில் அவர் ஒரு ரூபாய்கூட உதவித்தொகை வாங்கவில்லை. முதலில் பணிநீக்க இழப்பீடு தீரும்வரை பொறுத்திருக்கச் சொன்னார்கள். தீர்ந்த பிறகு, மனைவிக்குச் சம்பளம் இருக்கிறதே என்றார்கள்.